சக்கரம் சுற்றியது எவ்வளவு, வண்டி போனது எவ்வளவு

எங்கள் வீட்டில் பெட்டி எடை பார்க்கும் தராசு ஒன்று உண்டு. சிங்கப்பூரில், முஸ்தஃபா கடையில் வாங்கியது. ஒரு கொக்கி, ஒரு கைப்பிடி, நடுவில் சின்னத் திரை, அவ்வளவுதான். திருச்சிக்கு யார் கிளம்பினாலும் முதல் நாள் இரவு அது அலமாரியிலிருந்து இறங்கும். 400 கிராம் கூடிவிட்டது என்று காட்டும். மைலோ டின்னை எடுப்பதா கோடாலித் தைலத்தை எடுப்பதா என்று ஒரு சண்டை நடக்கும். கடந்த மூன்று மாதமாக அந்தத் தராசு அலமாரியில் இல்லை. சாப்பாட்டு மேசையின் காலில் நைலான் கயிற்றால் கட்டிக் கிடக்கிறது. மறுமுனையில் ஒரு ரோபோ.

ரோபோ மகளுடையது. அவளுடையது மட்டுமல்ல, ஐந்து பிள்ளைகளுடையது. உயர்நிலை மூன்றில் படிக்கிறாள், இணைப்பாட நடவடிக்கை ரோபாட்டிக்ஸ். வெக்ஸ் வி5 என்ற ரோபோப் பாகங்களை வைத்துப் பள்ளி அணிகள் மோதும் போட்டி. 12 அடிக்கு 12 அடி களம், தரையில் 36 ஃபோம் டைல். முதல் 15 வினாடி ரோபோ தானாக ஓட வேண்டும், அப்புறம் ஒன்றே முக்கால் நிமிடம் பிள்ளைகள் கையில். ஆரம்பத்தில் ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும்.

எனக்கு ரோபோ தெரியாது. நான் மின்தூக்கி பராமரிப்பவன். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) பழைய அடுக்குமாடி புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காமல் ஒன்று, ஐந்து, ஒன்பது என்று தாவிக்கொண்டிருந்த காலம் நினைவிருப்பவர்களுக்கு, 2001ல் வந்த மேம்பாட்டுத் திட்டமும் நினைவிருக்கும். அந்தச் சமயத்தில்தான் இந்த வேலைக்கு வந்தேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கயிறும் கப்பியும்தான் என் உலகம்.

ஒரு சனிக்கிழமை மகள் தோற்றுவிட்டு வந்தாள். எதிரணி ரோபோ இவர்களுடையதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டதாம். இவர்களால் திருப்பித் தள்ள முடியவில்லை.

"சக்கரத்துல கிரிப் இல்லப்பா. புதுச் சக்கரம் வாங்கணும்."

"கிரிப் இல்லன்னா சக்கரம் சுத்தியிருக்கணுமே. சுத்துச்சா?"

யோசித்தாள். "தெரியலப்பா. மோட்டார் சூடாயிடுச்சு, அது தெரியும்."

அந்த "தெரியல"தான் என்னை உள்ளே இழுத்தது.

மின்தூக்கியில் ஏறுபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறேன். கயிறு கப்பியில் கட்டப்பட்டிருப்பதில்லை. கப்பியின் மேல் சும்மா கிடக்கிறது. ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் எதிர்ப்பளு. பெட்டியின் எடையோடு, அது சுமக்கக்கூடிய பாரத்தில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்தால் எதிர்ப்பளுவின் எடை வரும். மோட்டார் கப்பியைச் சுற்றுகிறது, கப்பிப் பள்ளத்தில் கயிறு உராய்வால் பிடித்துக்கொள்கிறது, பெட்டி ஏறுகிறது. உங்களைப் பன்னிரண்டாம் மாடிக்குக் கொண்டுபோவது வெறும் பிடிப்பு.

அந்தப் பிடிப்பைச் சோதிக்க எங்களிடம் ஒரு மலிவான வழி உண்டு. கயிற்றின் குறுக்கேயும் கப்பியிலும் சேர்த்து சாக்பீஸால் ஒரே கோடு. பெட்டியை ஒருமுறை இறக்கி ஏற்றி, அதே இடத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். கோடு ஒன்றாகவே இருந்தால் சரி. கயிற்றுக் கோடு ஒரு பக்கமும் கப்பிக் கோடு ஒரு பக்கமும் விலகியிருந்தால், அந்த இடைவெளிதான் வழுக்கல்.

இன்னொன்றும் உண்டு. பிடிப்பு குறைந்தால் ஆபத்து என்பது யாருக்கும் புரியும். கூடினாலும் ஆபத்து. எதிர்ப்பளு கீழே போய்த் தாங்கியில் உட்கார்ந்துவிட்டது, மோட்டார் இன்னும் சுற்றுகிறது என்று வையுங்கள். அப்போது கயிறு கப்பியில் வழுக்க வேண்டும். வழுக்காமல் பிடித்தால் காலிப் பெட்டியை இன்னும் மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் காலிப் பெட்டியை அந்த நிலையில் மேலே தூக்க முடியக்கூடாது என்பது பாதுகாப்பு விதி. எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் இரண்டையும் கணக்குப் போட்டுத்தான் கப்பியின் பள்ளத்தையே வெட்டுகிறார்கள்.

பிள்ளைகளின் ரோபோவைப் பார்த்ததும் எனக்கு இதுதான் ஓடியது. இந்த வண்டியில் முதலில் கைவிடுவது எது? சக்கரமா, மோட்டாரா?

ரோபோவின் எடை 6.8 கிலோ. பின்பக்கம் கயிறு கட்டி, தராசை மாட்டி, மேசைக்காலில் பிணைத்தேன். பள்ளியில் கடன் வாங்கிய பழைய ஃபோம் டைல்களை வரவேற்பறையில் பரப்பினோம். கயிறு சக்கரத்தின் உயரத்தில், தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முதல் தடவை நான் அதைக் கவனிக்கவில்லை. கயிறு உயரமான சட்டத்தில் இருந்து மேசைக்காலின் அடிக்குச் சரிந்து இறங்கியது. அப்படிச் சரிந்தால் கயிறே வண்டியைக் கொஞ்சம் தரையோடு அழுத்தும், உயரத்தில் இழுப்பதால் முன்பக்க எடை பின்பக்கம் போகும். அளவு பார்க்க நன்றாக இருந்தது, நம்புவதற்கு ஒன்றுமில்லை. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி செய்தோம்.

முழு வேகம் கொடுக்கச் சொன்னேன். கயிறு விறைத்தது. தராசு 5.1 கிலோ காட்டியது. சக்கரம் சுற்றவில்லை. மோட்டார் முனகிக்கொண்டு நின்றது.

அடுத்து மோட்டாரை ஒதுக்கிவிட்டு, சக்கரங்கள் சுற்றாதபடி பூட்டி, கையால் தராசைப் பிடித்து வண்டியை மெதுவாக இழுத்தேன். 6.9 வரை ஏறி, சட்டென்று நழுவி, நகரும்போது 6.1ல் நின்றது. பத்துத் தடவை இழுத்து நடுவாந்திர எண்ணை எடுத்துக்கொண்டோம். ஒரே ஒரு இழுப்பில் வருவதை நம்பக்கூடாது.

இந்தத் தராசு கிலோவில் காட்டுவதில் ஒரு வசதி. இழுவையை எடையால் வகுத்தால் உராய்வுக் குணகம் நேராக வந்துவிடும். 6.1ஐ 6.8ஆல் வகுத்தால் 0.9. நழுவுவதற்கு முந்தைய உச்சம் 1ஐச் சற்றே தாண்டுகிறது. "ஒன்றுக்கு மேல் வராதே அங்கிள்" என்றான் அணியில் ஒரு பையன். அப்படி ஒரு விதியே இல்லை. நல்ல ரப்பர் தாராளமாக 1ஐத் தாண்டும்.

ஆக, சக்கரம் 6 கிலோ இழுவையைத் தாங்கும். மோட்டார்கள் தருவதோ 5 கிலோ. புதுச் சக்கரம் வாங்கினால் 6 என்பது 7 ஆகலாம், தள்ளும் சக்தி 5லேயே நிற்கும். காசு செலவழித்து ஒன்றும் கிடைத்திருக்காது.

காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். வி5 மோட்டாரில் கியர்ப் பெட்டியை மாற்றிக்கொள்ளலாம்: சிவப்பு நிமிடத்துக்கு 100 சுற்று, பச்சை 200, நீலம் 600. சிவப்பில் அதிகபட்ச முறுக்குவிசை, அதாவது சுற்றும் பலம், 2.1 நியூட்டன் மீட்டர். நீலத்தில் வேகம் ஆறு மடங்கு, எனவே முறுக்கு ஆறில் ஒன்று, 0.35. இவர்கள் நீலத்தைப் போட்டு, 36 பல்லிலிருந்து 60 பல்லுக்குக் கியர் கொடுத்து 360 சுற்றாக்கியிருந்தார்கள். முறுக்கு 0.58 ஆகிறது. மூன்றே கால் அங்குலச் சக்கரத்தின் ஆரம் 4.1 செ.மீ., ஒரு மோட்டாருக்கு 14 நியூட்டன் இழுவை. நான்கு மோட்டாருக்கு 56, அதாவது 5.8 கிலோ. கியரிலும் பேரிங்கிலும் கொஞ்சம் போக, தராசு சொன்ன 5.1 பொருந்துகிறது. கணக்கும் கயிறும் ஒரே பக்கம் நின்ற அந்த நிமிடம், பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? கியரை மாற்றி வேகத்தைக் குறைத்தால் இழுவை கூடும். வினாடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடிய வண்டியை ஒரு மீட்டருக்குக் கீழே இறக்கப் பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு தூக்கும் கையிலிருந்து இரண்டு மோட்டாரைப் பிடுங்கிச் சக்கரத்துக்குக் கொடுத்தார்கள். ஆறு மோட்டார், காகிதத்தில் 8.6 கிலோ. மறுபடி மேசைக்காலில் கட்டி முழு வேகம் கொடுத்ததும் இந்தத் தடவை சக்கரம் டைல் மேல் சுற்றியது. தராசு 6.1ல் நின்றது.

"இப்ப வழுக்குதேப்பா" என்று மகள் வருத்தப்பட்டாள். வழுக்க வேண்டும் என்றேன். எதிர்ப்பளு கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.

ஏனென்றால் வி5 மோட்டார் தன் வெப்பத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. 55 டிகிரி செல்சியஸ் வந்ததும் மின்னோட்ட வரம்பைப் பாதியாக்கும், 60ல் கால்வாசி, 70ல் அடியோடு நிறுத்திவிடும். சக்கரம் வழுக்காமல் மோட்டார் நின்றுவிட்டால் உள்ளே போகிற மின்சாரம் மொத்தமும் சூடாகத்தான் மாறும். பத்து வினாடி முட்டிக்கொண்டு நிற்பதற்குள் வெப்பம் ஏறி, சக்தி பாதியாகி, எதிரணி ஆரவாரமில்லாமல் தள்ளிக்கொண்டு போகும். அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். சக்கரம் முதலில் வழுக்கினால் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், சூடு மெல்லத்தான் ஏறும். தரையிடம் உள்ளதை எல்லாம் வாங்கிவிட்டோம், அதற்கு மேல் எந்த மோட்டாராலும் வாங்க முடியாது. இதைவிடப் பெரிய ரோபோப் போட்டிகளில், ஒவ்வொரு மோட்டாருக்கும் 40 ஆம்பியர் பிரேக்கர் வைத்து ஓட்டுபவர்களும் இதே காரணத்துக்காகத்தான் பிரேக்கர் விழும் முன்னே சக்கரம் வழுக்கும்படி கியரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ரப்பரைப் பற்றி இரண்டு வார்த்தை. மகளின் பாடப்புத்தகத்தில் உராய்வு எடைக்கு நேர்விகிதம், பரப்பைப் பொறுத்ததல்ல என்று இருக்கிறது. 1699ல் பிரான்சில் அமோந்தோன் என்பவர் வெளியிட்டது. அவருக்கு இருநூறு ஆண்டு முன்பே லியோனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் எழுதிவைத்தது. மரத்துக்கும் இரும்புக்கும் அது சரி. ரப்பர் முழுசாகக் கேட்பதில்லை. ரோபோ மேல் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலத்தை வைத்து இழுத்துப் பார்த்தோம். எடை 8.8, இழுவை 7.6. குணகம் 0.9லிருந்து 0.86க்கு இறங்கியிருந்தது. ஏற்றிய எடைக்கு ஏற்ற பிடிப்பு முழுதாகத் திரும்பி வரவில்லை. தூசி பட்டால் இன்னும் மோசம். ஈரத் துணியால் சக்கரத்தைத் துடைத்த மறுநிமிடம் கூடுகிறது, பத்து ஓட்டத்தில் பழையபடி ஆகிறது. ரோபோ சூமோவில் இதற்கு நேரெதிரான விதி வைத்திருக்கிறார்கள்: சக்கரம் ஒரு ஏ4 தாளை ஒட்டித் தூக்கி இரண்டு வினாடிக்கு மேல் வைத்திருந்தால் போட்டியில் சேர்க்க மாட்டார்கள். பசை தடவி ஏமாற்றுபவர்களை ஒரு தாளை வைத்துப் பிடித்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்தது.

தள்ளுமுள்ளு ஒரு பிரச்சினை. முதல் 15 வினாடி வேறு பிரச்சினை, எனக்கு அதுதான் சுவையானது.

தானாக ஓடும்போது ரோபோவுக்குக் கண் கிடையாது. சக்கரம் எத்தனை சுற்றியது என்று மோட்டாருக்குள் இருக்கும் என்கோடர் எண்ணுகிறது. நீலப் பெட்டியில் ஒரு சுற்றுக்கு 300 எண்ணிக்கை. அதைச் சுற்றளவால் பெருக்கி "2 மீட்டர் போய்விட்டேன்" என்று நம்பி நிற்கிறது. ஆனால் அது எண்ணியது சக்கரத்தை, தரையை அல்ல. பள்ளியில் சோதித்தபோது 2 மீட்டர் ஓட்டத்தில் ஒரு செ.மீ. பிசகுதான். அருமை என்று விட்டுவிட்டார்கள். போட்டி நடந்த அரங்கில் டைல் பழையது, தூசியும் இருந்தது. நான்கு செ.மீ. தள்ளிப் போய் நின்று, எடுக்க வேண்டியதை எடுக்காமல் காற்றைக் கவ்வியது.

இங்கேதான் என் சாக்பீஸ் வந்தது. நடுவில் உள்ள ரப்பர்ச் சக்கரத்தில் ஒரே ஒரு இடத்தில் ஈரச் சாக்பீஸால் கனமாக ஒரு பட்டை. மூன்றே கால் அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு 25.9 செ.மீ. ஒழுங்காக உருண்டால் சாம்பல் நிற டைலில் 25.9 செ.மீ.க்கு ஒரு வெள்ளைத் தடம் விழ வேண்டும். மெதுவாக ஓட்டினோம், சொன்னபடி விழுந்தது. முழு வேகத்தில் ஓட்டினோம். முதல் இரண்டு தடங்களுக்கு நடுவே இடைவெளி சுமார் 3 செ.மீ. குறைந்து, தடமும் இழுபட்டுக் கலங்கியிருந்தது. கிளம்பும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியிருக்கிறது. நடுவில் எல்லாம் சரி. கடைசியில், பிரேக் பிடிக்கும் இடத்தில், சக்கரம் நின்ற பிறகும் வண்டி சுமார் 4 செ.மீ. சறுக்கியிருந்தது. வெள்ளைத் தீற்றல் அங்கே தெளிவாகக் கிடந்தது.

கிளம்பும்போது 3 குறைவு, நிற்கும்போது 4 கூடுதல். கூட்டிக் கழித்தால் ஒன்று. பள்ளியில் பிள்ளைகள் பார்த்து மகிழ்ந்த ஒரு செ.மீ. இதுதான். இரண்டு தப்பு ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சம் வைத்த எலும்பு. தூசித் தரையில் இரண்டும் வளர்ந்தன, ஆனால் ஒரே அளவாக வளரவில்லை. என் வேலையிலும் இப்படிப் பார்த்திருக்கிறேன். மின்தூக்கி மாடிக்குச் சரியாக நிற்கிறது என்று சும்மா விட்டால், ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் நழுவிக்கொண்டிருக்கும்.

தரை தரக்கூடிய அதிகபட்ச முடுக்கம் என்ன என்று அடுத்த கேள்வி. எல்லாச் சக்கரமும் ஓட்டப்படுகிற வண்டிக்கு அது குணகம் பெருக்கல் புவியீர்ப்பு, 0.9 பெருக்கல் 9.8, ஏறக்குறைய 8.8. அப்படியென்றால் வினாடிக்கு 1.55 மீட்டர் வேகத்தை எட்ட எப்படியும் 0.18 வினாடி வேண்டும். அதைவிடச் சீக்கிரம் கேட்டால் சக்கரம் மட்டும்தான் ஓடும், வண்டி ஓடாது. பிரேக்கும் அப்படியே. முழு வேகத்தில் சக்கரத்தை அப்படியே பூட்டினால் 13 செ.மீ.க்கு மேல் சறுக்கும் என்று வருகிறது. மகள் நிரலில் வேகத்தை 0.3 வினாடியில் ஏற்றவும், அதேபோல் இறக்கவும் எழுதினாள். தூசிக்கு இடம் விட்டுத்தான் 0.3. மறுபடி சாக்பீஸ் பட்டை. தடங்கள் முதலிலிருந்து கடைசி வரை ஒரே இடைவெளி. இரண்டு மீட்டருக்கு அவள் இழந்தது அரை வினாடிகூட இல்லை.

அப்புறம் ஓட்டப்படாத ஒரு சின்னச் சக்கரத்தை அடியில் தொங்கவிட்டு, ரப்பர் பேண்டால் தரையோடு அழுத்தி, அதில் ஒரு சுழற்சி உணரியைப் பொருத்தினார்கள். மோட்டார் இல்லாத சக்கரத்துக்கு வழுக்கக் காரணம் எதுவும் இல்லை, தரை நகர்வதை மட்டும் சொல்லும். ஓட்டும் சக்கரம் சொல்வதையும் இது சொல்வதையும் நூறில் ஒரு வினாடிக்கு ஒரு முறை நினைவு அட்டையில் எழுதவைத்து, விரிதாளில் இரண்டு கோடாக வரைந்தாள். இரண்டும் பிரியும் இடமெல்லாம் வழுக்கல். என் சாக்பீஸ் கோட்டையே கணினியில் வரைந்திருக்கிறாள் என்று தோன்றியது. அவளிடம் சொல்லவில்லை.

அந்த வரைபடத்தில்தான் இன்னொன்று மாட்டியது. நேராகப் போகச் சொன்னால் ரோபோ இடப்பக்கம் ஒதுங்குகிறது. பிள்ளைகள் நிரலில் வலப்பக்கத்தைக் கொஞ்சம் குறைத்துச் சமாளித்துவந்தார்கள். எனக்கு அந்த வைத்தியம் பிடிக்கவில்லை. வண்டியைப் புத்தகங்கள் மேல் தூக்கிவைத்து, சக்கரங்களைக் காற்றில் ஓடவிட்டு, ஒவ்வொரு மோட்டாரும் எத்தனை வாட் வாங்குகிறது என்று திரையில் பார்க்கச் சொன்னேன். சுமையே இல்லாத நிலையில் இடப்பக்கம் வலப்பக்கத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு வாங்கியது. கையால் சுற்றிப் பார்த்தால் விரலுக்கே தெரிந்தது. நடு ஷாஃப்டில் ஒரு காலர் பேரிங்கை நெருக்கிக்கொண்டிருந்தது. ஒரு தாள் நுழையும் அளவுக்கு விலக்கினோம். ஒதுங்கல் பெரும்பாலும் போய்விட்டது, முழுசாக இல்லை. இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வாங்குகிறது. ஒரு கியர்ப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், மகள் சட்டம் வளைந்திருக்கிறது என்கிறாள். சமையலறைத் தராசை ஒரு சக்கரத்துக்கு அடியிலும், அதே உயரப் புத்தகங்களை மற்றவற்றுக்கு அடியிலும் வைத்து மாற்றி மாற்றி எடை பார்த்தால் யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும்.

அதைச் செய்து முடித்து, மேசைக்காலில் இன்னொரு தடவை இழுத்தும் பார்த்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாமியார் திருச்சிக்குக் கிளம்புகிறார். இன்று காலையே இரண்டு தடவை கேட்டுவிட்டார், தராசு எங்கே என்று.